உயிர் குடித்த எள்!
உணவு அலர்ஜி: ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டிய விஷயம்

எள் மிகச் சிறிய பொருள். மிகக் குறைந்த அளவைச் சொல்ல வேண்டும் என்றால், "எள்ளளவு" என்று சொல்லுகிறோம்.

அந்த எள், 15 வயதுப் பெண் ஒருத்தியின் உயிரைக் குடித்துவிட்டது.

அவள் தெரிந்து எள்ளைச் சாப்பிடவில்லை. யாரும் அவளுக்கு வேண்டும் என்று கொடுக்கவும் இல்லை. அவள் வாங்கிய ரொட்டியில் எள் இருந்தது. ரொட்டியின் உறையில் "எள்" என்ற சொல் இல்லை.

விடுபட்டது ஒரே ஒரு சொல். அதற்காகப் பிறகு ஒரு நாட்டின் சட்டமே மாற்றப்பட்டது.

ஊருக்கெல்லாம் நல்லதாக இருக்கும் உணவு ஒருவருக்கு மட்டும் நஞ்சாக முடியுமா? முடியும். அதற்குப் பெயர்தான் உணவு அலர்ஜி. ஒவ்வாமை என்றும் சொல்லுவார்கள். இதைப் பற்றி இன்று உலகம் முழுவதும் பேசப்படுகிறது. நம் வீடுகளிலும் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

விமானத்தில் நடந்தது

லண்டன் நகரைச் சேர்ந்தவள் நடாஷா எட்னன் லாபெரூஸ். எள் உள்படச் சில உணவுகள் அவளுக்கு ஆகாது. இது அவளுக்கும் பெற்றோருக்கும் நன்றாகத் தெரியும். எதை வாங்கினாலும் உறையைப் படித்த பிறகே வாயில் வைப்பாள்.

2016-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி. தந்தையுடனும் தோழியுடனும் பிரான்சு நாட்டின் நீஸ் நகருக்குப் புறப்பட்டாள். லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில் "பிரெட் எ மாஞ்சே" என்ற கம்பெனியின் கடை இருந்தது. அங்கே நீளமான ரொட்டி ஒன்றை வாங்கினாள். ரொட்டிக்குள் ஆலிவ் காயும் காய்கறியும் வைத்திருந்தார்கள்.

நடாஷா உறையைப் படித்தாள். எள் என்று எங்கும் போட்டிருக்கவில்லை. நம்பிச் சாப்பிட்டாள்.

ஆனால் ரொட்டி மாவிலேயே எள் சேர்ந்திருந்தது. மாவோடு மாவாக வெந்து போனதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதலில் தொண்டை அரித்தது. விமானம் வானத்தில் பறக்கும்போது உடம்பில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள் கிளம்பின. மூச்சு முட்டியது. தந்தை கைவசம் வைத்திருந்த அட்ரினலின் ஊசியை மகளின் தொடையில் போட்டார். பிறகு இன்னோர் ஊசியும் போட்டார். பலன் இல்லை. நீஸ் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அன்றே நடாஷா இறந்து விட்டாள்.

காலையில் சிரித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்ட பெண், இரவுக்குள் பிணமானாள்.

சட்டத்தில் இருந்த ஓட்டை

"எள் இருப்பதை உறையில் ஏன் அச்சிடவில்லை?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

அச்சிடாதது அன்றைய சட்டப்படி குற்றம் அல்ல! இதைக் கேட்டு இங்கிலாந்து மக்கள் திடுக்கிட்டார்கள்.

தொழிற்சாலையில் தயாரித்து, பொட்டலம் கட்டி, கடைகளுக்கு அனுப்பும் உணவுக்குச் சட்டம் கடுமையாக இருந்தது. அதில் சேர்ந்த எல்லாப் பொருள்களையும் அச்சிட வேண்டும். ஆனால் கடையின் சமையல் அறையில் தயாரித்து, அங்கேயே பொட்டலம் கட்டி விற்கும் உணவுக்குச் சலுகை இருந்தது. "அலர்ஜி பற்றி அறிய, கடை ஊழியரைக் கேளுங்கள்" என்று பொதுவாக ஒரு அறிவிப்பு வைத்தால் போதும்.

இந்தச் சலுகை சின்னக் கடைகளுக்காக ஏற்பட்டது. தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சீட்டு அச்சடிக்க முடியுமா என்று இரக்கப்பட்டுக் கொடுத்தது. நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள பெரிய கம்பெனியும் அந்தச் சலுகையின் நிழலில் நின்றது.

2018-ம் ஆண்டு செப்டம்பரில் நடாஷாவின் மரணம் பற்றி லண்டனில் விசாரணை நடந்தது. கம்பெனியின் எச்சரிக்கை முறை போதுமானதாக இல்லை என்று விசாரணை அதிகாரி முடிவு கூறினார்.

பெற்றோர் நதீமும் தான்யாவும் அழுதுகொண்டே வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. "எங்கள் மகளுக்கு நேர்ந்தது இன்னொரு குழந்தைக்கு நேரக் கூடாது" என்று ஊர் ஊராகப் பேசினார்கள். மந்திரிகளைப் பார்த்தார்கள். 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2021 அக்டோபர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதை மக்கள் "நடாஷா சட்டம்" என்றே அழைக்கிறார்கள்.

இப்போது பிரிட்டனில், கடையிலேயே தயாரித்துப் பொட்டலம் கட்டிய உணவாக இருந்தாலும், அதில் சேர்ந்த பொருள் எல்லாவற்றையும் உறையில் அச்சிட வேண்டும். அலர்ஜி உண்டாக்கும் 14 வகைப் பொருள்களைத் தனித்துத் தெரியும்படி எடுத்துக்காட்ட வேண்டும். அந்த 14-ல் எள்ளும் ஒன்று. கடுகும் ஒன்று.

காவல்காரன் செய்யும் தவறு

சரி, உடம்பில் அப்படி என்னதான் நடக்கிறது?

நம் உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. நோய்க் கிருமி நுழைந்தால் அது விரட்டி அடிக்கும். அந்தக் காவல் படை சிலருடைய உடம்பில் ஆள் மாறாட்டம் செய்துவிடுகிறது. விருந்தாளியைத் திருடன் என்று நினைத்துக்கொள்ளுகிறது. பாலோ, முட்டையோ, இறாலோ, நிலக்கடலையோ உள்ளே போனால், "எதிரி வந்துவிட்டான்" என்று சண்டைக்குக் கிளம்புகிறது.

முதல் தடவை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அப்போது அந்தப் பொருளை அடையாளம் வைத்துக்கொள்ளுகிறது. அதற்கென்று ஒரு ஆயுதத்தைத் தயார் செய்து வைக்கிறது. "ஐ.ஜி.இ." என்று டாக்டர்கள் அதற்குப் பெயர் சொல்லுகிறார்கள். அதே பொருள் மறுபடி வரும்போதுதான் போர் மூளுகிறது. ஹிஸ்டமின் முதலிய ரசாயனப் பொருள்கள் உடம்பெங்கும் கொட்டப்படுகின்றன. தோல் தடிக்கிறது. உதடு வீங்குகிறது. மூச்சுக்குழல் சுருங்குகிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் சரிகிறது.

திருடனைப் பிடிக்கிறேன் என்று காவல்காரனே வீட்டைக் கொளுத்துவது போன்றது இது.

இந்த உண்மை ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. 1902-ல் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் சார்லஸ் ரிஷேயும் பால் போர்த்தியேயும் கடல் பிராணிகளின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தார்கள். முதல் தடவை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மிகச் சிறிய அளவைக் கொடுத்தபோது சுருண்டு விழுந்து இறந்தது. அந்தக் கடுந்தாக்குதலுக்கு "அனபிலாக்சிஸ்" என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1906-ல் வியன்னா டாக்டர் பிர்க்கே "அலர்ஜி" என்ற சொல்லை உண்டாக்கினார். 1960-களில் ஜப்பானைச் சேர்ந்த இஷிசாகா தம்பதிகளும், சுவீடன் விஞ்ஞானிகளும் ஐ.ஜி.இ.யைக் கண்டுபிடித்தார்கள்.

எந்த உணவும் யாருக்காவது அலர்ஜி ஆகலாம். ஆனால் பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, நிலக்கடலை, முந்திரி-பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, எள் ஆகியவையே உலகில் அதிகத் தொல்லை கொடுக்கின்றன. குழந்தைகளுக்கு வரும் பால், முட்டை அலர்ஜி பெரும்பாலும் வளர வளர மறைந்துவிடும். நிலக்கடலை அலர்ஜி அப்படி எளிதில் போகாது. 5 பேரில் ஒருவருக்குத்தான் அது நீங்குகிறது.

"எனக்கு ஆகாது"

"கத்தரிக்காய் எனக்கு ஆகாது." "பால் குடித்தால் வயிறு உப்பும், எனக்கு ஆகாது." "தயிர் குளிர்ச்சி, குழந்தைக்கு ஆகாது." இப்படி எத்தனையோ தடவை சொல்லுகிறோம். "ஆகாது" என்ற ஒரே சொல்லில் பல விஷயங்கள் அடங்கி இருக்கின்றன. எல்லாம் அலர்ஜி அல்ல.

பால் குடித்ததும் சிலருக்கு வயிறு உப்பும், பேதி ஆகும். பாலில் உள்ள ஒரு வகைச் சர்க்கரை அவர்களுக்குச் செரிக்காததே காரணம். தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. அது அஜீரணம். பால் அலர்ஜி வேறு. அதில் ஒரு வாய்ப் பால்கூட மூச்சைத் திணற வைக்கலாம். கெட்டுப் போன உணவைச் சாப்பிட்டு வாந்தி எடுப்பது இன்னொரு விஷயம். அது, அந்த உணவைச் சாப்பிட்ட பலருக்கும் வரும். அலர்ஜி, அலர்ஜி உள்ளவருக்கு மட்டுமே வரும்.

ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடாதா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

கர்நாடகத்தில் பெரியவர்களைப் பரிசோதித்து நடத்திய ஓர் ஆய்வு 2016-ல் வெளியாயிற்று. ஏதாவது ஒரு உணவுக்கு எதிரான ஐ.ஜி.இ., 100-க்கு 26 பேருக்கு மேல் ரத்தத்தில் காணப்பட்டது. ஆனால் உண்மையில் உணவு அலர்ஜி இருக்கக்கூடும் என்று கருதத்தக்கவர்கள் 100-க்கு 1.2 பேர்தான்.

இதன் பொருள் என்ன? ரத்தத்தில் ஆயுதம் இருக்கலாம்; ஆனால் சண்டை நடக்காமலே போகலாம். சாப்பிட்டால் தொல்லை வருகிறதா என்பதையும் டாக்டர் கேட்டறிய வேண்டும். பரிசோதனைச் சீட்டை மட்டும் பார்த்து, பால், முட்டை, கோதுமை, கடலை எல்லாவற்றையும் குழந்தைக்கு நிறுத்திவிடுவது தவறு. குழந்தை இளைத்துப் போகும்.

1.2 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்தக் கணக்குப்படி பெரியவர்கள் 1,000 பேர் கூடும் ஒரு கல்யாணத்தில் 12 பேர் அப்படி இருப்பார்கள். பந்தி பரிமாறுகிறவருக்கு அவர்கள் யார் என்று தெரியாது.

அபாய அறிகுறிகள் எவை?

பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சில சமயம் இரண்டு மணி நேரம்வரை ஆகலாம்.

உடம்பில் அரிப்பு, தடிப்பு. உதடு, நாக்கு, கண் இமை வீக்கம். வாய்க்குள் நமைச்சல். இவை முதல் மணி.

குரல் கம்மிப் போதல். விழுங்க முடியாமை. விடாத இருமல். மூச்சில் "கீச், கீச்" என்ற சத்தம். அடுத்தடுத்து வாந்தி. தலை சுற்றல், மயக்கம். சின்னக் குழந்தை திடீரென்று துவண்டு போதல். இவை அபாய மணி. இதுதான் அனபிலாக்சிஸ். தோலில் ஒரு தடிப்பும் இல்லாமலேகூட இது வருவது உண்டு.

அபாய மணி அடித்துவிட்டால் அட்ரினலின் ஊசிதான் மருந்து. அது மூச்சுக்குழலைத் திறக்கிறது. சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துகிறது. தொடையின் வெளிப்பக்கத்தில், நடுப்பகுதித் தசையில் அதைப் போட வேண்டும். காலம் கடந்து போட்டால் பலன் குறைகிறது.

பலர் அரிப்பு மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு, "சரியாகிவிடும்" என்று காத்திருக்கிறார்கள். மாத்திரை அரிப்பைத் தணிக்கும். அடைத்த மூச்சை அது திறக்காது. மாத்திரையை நம்பிக் காத்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில் உயிர் போய்விடலாம்.

மேல்நாடுகளில் அலர்ஜி உள்ளவர்கள் பேனா போன்ற ஊசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். மூடியைக் கழற்றித் தொடையில் அழுத்தினால் மருந்து இறங்கிவிடும். படிக்காதவர்களும் போடலாம். 2024-ல் மூக்கில் பீச்சும் அட்ரினலின் மருந்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் பேனா ஊசி எளிதாகக் கிடைப்பதில்லை. ஆனால் அட்ரினலின் பழைய மருந்து. விலை மலிந்த மருந்து. மத்திய அரசாங்கத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. வீட்டில் கடுமையான அலர்ஜி உள்ளவர் இருந்தால், அவசரத்தில் எங்கே போவது, என்ன வைத்துக்கொள்ளுவது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

அபாயம் வந்தால் உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடக் கூடாது. திடீரென்று எழுந்தால் இதயம் நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஊசி போட்டுச் சரியானாலும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். போன தாக்குதல் திரும்பி வரும் வழக்கம் உண்டு.

கடலை சொன்ன பாடம்

அலர்ஜி வராமல் தடுக்க முடியாதா?

"ஆபத்தான பொருளைக் குழந்தைக்குக் கொடுக்காதே" என்பதுதான் முன்பு டாக்டர்கள் சொன்ன வழி. 2000-ம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், அலர்ஜி வரக்கூடிய குழந்தைகளுக்கு 3 வயதுவரை நிலக்கடலை கொடுக்க வேண்டாம் என்றது. தாய்மார்கள் அப்படியே செய்தார்கள். ஆனால் கடலை அலர்ஜி குறையவில்லை, கூடியது! 2008-ல் அந்த யோசனை கைவிடப்பட்டது.

லண்டனில் இருந்த கிதியோன் லாக் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளில் கடலை அலர்ஜி, இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளைவிடச் சுமார் 10 மடங்கு அதிகமாக இருந்தது. இனம் ஒன்று. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

இஸ்ரேலில் பல் முளைக்கும் வயதிலேயே "பம்பா" என்ற கடலைத் தின்பண்டத்தைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிரிட்டனில் கடலையைக் கண்ணிலேயே காட்டுவதில்லை.

உடனே ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 கைக்குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு 5 வயதுவரை கடலை கொடுக்கவில்லை. மீதிப் பேருக்கு அடிக்கடி கொடுத்தார்கள். 2015-ல் முடிவு வெளியாயிற்று. கடலையை ஒதுக்கிய குழந்தைகளில் 100-க்கு 17 பேருக்குக் கடலை அலர்ஜி வந்தது. சாப்பிட்டவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான் வந்தது.

டாக்டர்கள் தங்கள் யோசனையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டார்கள். இப்போது குழந்தை திட உணவு சாப்பிடத் தொடங்கும் பருவத்திலேயே கடலையையும் முட்டையையும் பழக்கச் சொல்லுகிறார்கள். அதனால் அமெரிக்காவில் சிறு குழந்தைகளிடம் கடலை அலர்ஜி குறைந்து வருவதாக 2025-ல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் தேவை. முழுக் கடலையைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். நன்றாக அரைத்து, கஞ்சியில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே ஏதாவது அலர்ஜி உள்ள குழந்தைக்கும் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். அலர்ஜி வந்துவிட்ட பிறகு "பழக்கிப் பார்க்கிறேன்" என்று வீட்டில் சோதனை செய்வது உயிருடன் விளையாடுவது ஆகும்.

நம் நாட்டுச் சட்டம்

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ம் ஆண்டில் உறைகள் பற்றிப் புதிய விதிகளை வெளியிட்டது. பொட்டல உணவில் அலர்ஜிப் பொருள்கள் இருந்தால் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. கோதுமை, பார்லி, ஓட்ஸ் வகை, இறால், நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை மற்றும் கொட்டைகள், சோயா, சல்பைட் என்ற ரசாயனப் பொருள் ஆகிய 8 வகைகள் அந்தப் பட்டியலில் உள்ளன.

எள் அந்தப் பட்டியலில் இல்லை.

அமெரிக்காவிலும் முன்பு எள் இல்லை. அங்கே 2004-ல் செய்த சட்டத்தில் 8 பொருள்களே இருந்தன. 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஜனவரி 1-ந் தேதி முதல் எள் ஒன்பதாவது பொருளாகச் சேர்ந்தது. நாமோ எள்ளுருண்டையும், எள்ளு மிளகாய்ப் பொடியும், நல்லெண்ணெயும் இல்லாமல் சமையல் செய்யாதவர்கள். எள்ளையும் கடுகையும் நமது பட்டியலில் சேர்ப்பது பற்றி அரசாங்கம் ஆலோசிப்பது நல்லது.

இன்னொரு குறையும் உண்டு. உறையில் விவரங்களை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் அச்சிட்டால் போதும் என்கிறது விதி. மற்ற மொழிகளையும் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய், எச்சரிக்கை அச்சாகி இருந்தும் அதைப் படிக்க முடியாமல் போகலாம். உறையில் சொல்லே இல்லாமல் போனது நடாஷாவின் துரதிருஷ்டம். சொல் இருந்தும் விளங்காமல் போனால், அதனாலும் அதே ஆபத்துத்தான்.

உறையில் "கன்டெய்ன்ஸ்" என்ற ஆங்கிலச் சொல் இருந்தால், அதற்குப் பின்னால் வரும் பொருள் அந்த உணவில் இருக்கிறது என்று அர்த்தம். "மே கன்டெய்ன்" என்று இருந்தால், கலந்திருக்கக்கூடும் என்று அர்த்தம். அலர்ஜி உள்ளவர்கள் இரண்டையும் ஒதுக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம்.

மத்திய உரிமம் பெற்ற ஓட்டல்களும், 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள ஓட்டல்களும் அலர்ஜி விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றும் 2020 விதிகள் சொல்லுகின்றன. ஆனால் மக்களில் பெரும்பாலோர் சாப்பிடுவது பெரிய கிளை ஓட்டல்களிலா? தெருமுனை டீக்கடையில் சாப்பிடுகிறார்கள். பஜ்ஜிக் கடையில் வாங்குகிறார்கள். பேக்கரியில் கேக் வாங்குகிறார்கள். இங்கெல்லாம் உறையும் இல்லை, சீட்டும் இல்லை. இறால் பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கும் பொரியும். முந்திரிப் பருப்பை அரைத்துவிட்ட குருமாவில் முந்திரி கண்ணில் படாது. அங்கே சட்டத்தின் வேலையை மனிதர்களின் வாய்ச்சொல்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

சொல்லுவதும், சொன்னதை நம்புவதும் அலர்ஜிக்கு முதல் காவல்.

நம்பாமல் போவது எங்கே நடக்கிறது? அன்பு மிகுந்த இடத்தில்தான். "ஒரே ஒரு கடலை உருண்டைதானே, சாப்பிடு. ஒன்றும் ஆகாது" என்று பாட்டி பேரனுக்கு ஊட்டுகிறாள். "எங்கள் காலத்தில் இதெல்லாம் உண்டா? மருமகள் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள்" என்று மாமியார் குறை சொல்லுகிறாள். விருந்துக்கு வந்தவர் வேண்டாம் என்றால், வீட்டுக்காரர் வருத்தப்படுகிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் காவல் படை பாட்டியின் அன்பைப் பார்த்து ஒதுங்கி நிற்காது.

குழந்தைக்கு அலர்ஜி என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டால், வீட்டில் உள்ள எல்லோருக்கும் அதைச் சொல்ல வேண்டும். அண்டை வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த உணவு ஆகாது, என்ன அறிகுறி வரும், என்ன செய்ய வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற நான்கு வரி போதும். குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். நண்பர்களின் டிபன் பெட்டியில் கை வைக்கும் முன், "இதில் கடலை இருக்கிறதா?" என்று கேட்கப் பழக வேண்டும்.

அந்தக் குழந்தையை மற்றப் பிள்ளைகள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுவது ஆசிரியரின் கடமை. விளையாட்டுக்காகக் கடலையை முகத்தில் எறிவதும், தெரியாமல் சோற்றில் கலப்பதும் விளையாட்டு அல்ல.

ஓட்டல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "இதில் முந்திரி சேர்த்திருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டால், ஊகித்துப் பதில் சொல்லக் கூடாது. சமையல்காரரைக் கேட்டுச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று சொல்லுவதே உத்தமம். ஒரு தோசை விற்காமல் போனால் நஷ்டம் சில ரூபாய்தான்.

இதற்காக எல்லோரும் கடலையையும் எள்ளையும் கண்டு பயப்பட வேண்டியது இல்லை. அவை ஏழைக்கும் எட்டும் நல்ல சத்துணவு. கோடிக்கணக்கானவர்களுக்கு அவை நன்மையே செய்கின்றன. ஆகாதவர்கள் சிலர்தான். அந்தச் சிலர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுவதும், அவர்களுக்கு உண்மையைச் சொல்லுவதும்தான் நாம் செய்ய வேண்டியது.

விருந்தாளி இலையில் உட்கார்ந்ததும், "உப்பு, காரம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்பது நம் பழக்கம். பரிமாறுவதற்கு முன், "உங்களுக்கு ஆகாதது ஏதாவது உண்டா?" என்றும் கேட்டுப் பழகுவோம்.